குற்றாலலிங்கத்தின் பேஸ் பெட்டி

குற்றாலலிங்கம் எண்ணெய்ப் புட்டியில் கோடு போட்டு வைப்பவர். பேனாக் கோடு. வீட்டில் அவரும் மனைவி கலைச்செல்வியும் மட்டும்தான். ஆனாலும் கோடு இருக்கும். பைக்கை சர்வீஸுக்கு விடுவதற்கு முன்னால் திருகாணித் தலைகளில் சிவப்புப் பெயின்டால் ஒரு புள்ளி வைப்பார். கேஸ் சிலிண்டர் வந்தால் தராசு வெளியே வரும். டெய்லரிடம் துணி கொடுத்தால் ஓரத்திலிருந்து ஒரு துண்டு வெட்டி, பர்ஸில் வைத்துக்கொண்டு வருவார். யாராவது சிரித்தால், நம்பாமல் இல்லை, பார்த்துக்கொள்கிறேன், அவ்வளவுதான் என்பார்.

விக்கிரமசிங்கபுரத்தில் மில் வேலை. நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் பிரிவில் முப்பத்திரண்டு வருடமாக ஃபிட்டர். நூல் சுற்றும் ஆயிரக்கணக்கான கதிர்களின் இரைச்சலுக்குள் நடந்துகொண்டே போவார். திடீரென்று நின்று ஒரு கதிரைக் காட்டுவார். தொட்டுப் பார்த்தால் அது எண்ணெய் வறண்டு ஓடிக்கொண்டிருக்கும். சூப்பர்வைசர்கள் மாறினார்கள், இயந்திரங்கள் மாறின, அந்தக் காது மட்டும் தவறவில்லை. எதை நம்பாவிட்டாலும் அவர் அதை நம்பினார்.

அந்தக் காதுதான் அவரை பேஸ் கிட்டாருக்குக் கொண்டுபோனது. ஷிஃப்ட் இல்லாத நாட்களில் பெருமாள்ராஜின் இன்னிசைக் குழுவில் வாசிப்பார். பெருமாள்ராஜ் கீபோர்டு; வயதில் இளையவர்; குழு அவருடையது. கோயில் கொடை, கல்யாண வரவேற்பு, பள்ளி ஆண்டுவிழா. இப்போது பேஸ் வாசிக்கத் தனியாக ஓர் ஆள் தேவையில்லை. கீபோர்டுக்காரரின் இடது கையே போதும். பெரும்பாலான குழுக்களில் அப்படித்தான். குற்றாலலிங்கம் இன்னும் மேடையில் நிற்பதற்குக் காரணம் அவருடைய விரல்கள் மட்டுமல்ல, அவருடைய பெட்டியும்தான்.

பெட்டி என்றால் வால்வு ஆம்ப்ளிஃபயர். ஐம்பது வருடத்துக்கு முன் இங்கிலாந்தில் செய்தது. தூத்துக்குடியில் கப்பல் வேலை பார்த்த அருமைநாயகம் என்பவர் எங்கோ ஒரு துறைமுகத்தில் வாங்கி வந்தார். அவருக்கு முதுகு போனபோது குற்றாலலிங்கத்திடம் கைமாற்றினார். முன்பலகையில் இருந்த கம்பெனிப் பெயரில் இரண்டு எழுத்து மட்டும் மிச்சம். தூக்கினால் ஒரு மூட்டை நெல். பின்பக்கம் கம்பி வலைக்கு உள்ளே உள்ளங்கை நீளத்தில் நான்கு பெரிய கண்ணாடி வால்வுகள். சுவிட்சைப் போட்டதும் சத்தம் வராது. வால்வுகள் உள்ளுக்குள் மெல்லச் சிவக்கும். ஒரு பீடி குடிக்கும் நேரம் காத்திருக்க வேண்டும்.

காத்திருந்தால் கிடைப்பது வேறு சத்தம். புது ஆம்ப்ளிஃபயரில் தந்தியைத் தட்டினால் தட்டிய அதே கணத்தில் சத்தம் முகத்துக்கு நேரே வந்து நிற்கும். இதில் அப்படி இல்லை. அரை நொடி உள்ளே போய்விட்டு, குளத்தில் அமுங்கிய எருமை முதுகைக் காட்டுவதுபோல எழுந்து வரும். எழுந்தது உடனே போகாது. மென்மையாகத் தட்டினால் உருண்டையாக இருக்கும். அழுத்தித் தட்டினால் ஓரம் கரகரக்கும், ஆனால் காதைக் குத்தாது. சத்தக் குமிழை ஆறு வரை திருப்ப வேண்டும். அப்போதுதான் அது வாயைத் திறக்கும். முன்வரிசையில் பெஞ்சில் இருப்பவர்களுக்குக் காதில் கேட்பதற்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பலகையில் தெரியும். எது அவர்களைக் காலாட்ட வைக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. குற்றாலலிங்கத்துக்குத் தெரியும்.

இப்படி ஒரு பெட்டியை வைத்திருப்பவனுக்கு அதைத் திறக்கத் தெரிந்த ஆள் ஒருவன் வேண்டும். மேலப்பாளையத்தில் அகமது மீரான் இருந்தார். வீட்டின் முன்னறைதான் கடை. இன்வெர்ட்டர், டிவி போர்டு, கச்சேரிக் குழுக்களின் மிக்ஸர். வால்வு வேலை அவருக்குப் பிழைப்பல்ல, ஆசை. குற்றாலலிங்கத்துக்கும் அவருக்கும் ஒரே வயது. இருபது வருடப் பழக்கம். பெட்டியைப் போர்வையில் சுற்றி, கண்டக்டரிடம் மன்றாடி, பாபநாசம் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்குவார். மீரான் திறக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார், வேலை இருந்தால் விட்டுவிட்டு வந்துவிடுவார். மீரானிடம் கொடுத்த எதிலும் அவர் சிவப்புப் புள்ளி வைத்ததில்லை. உலகத்தில் அப்படி ஒருவர்தான்.

மார்கழியில் பெட்டி உறுமத் தொடங்கியது. வாசிக்காதபோதும் அடியில் ஓர் ஈ பறக்கும் சத்தம். பிறகு வண்டு. மேலப்பாளையத்தில் இறக்கினார். மில்லில் ஆள் குறைவு, உட்கார முடியவில்லை, விட்டுவிட்டு வந்தார். பத்து நாள் கழித்து மீரான் போன் செய்தார். வேலை முடிந்தது, கண்டன்சர் மாற்றியதும் உறுமல் போய்விட்டது.

உறுமல் போயிருந்தது. தை மாதம் கல்லிடைக்குறிச்சியில் ஒரு வரவேற்பு. முதல் பாட்டின் நான்காவது அடியிலேயே குற்றாலலிங்கம் நிமிர்ந்து பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். எருமை எழவில்லை. தட்டினால் உடனே வந்தது. இறுக்கமாக, சுத்தமாக, அளவெடுத்ததுபோல. குமிழை ஏழுக்குத் திருப்பினார். அப்போதும் அதேதான். பெருமாள்ராஜ் இடைவேளையில் வந்து, அண்ணாச்சி, இப்போதான் தெளிவாக இருக்கிறது என்று பாராட்டினார். குற்றாலலிங்கம் குமிழை மறுபடி ஆறுக்குக் கொண்டுவந்தார். கதிர் வறண்டு ஓடுவதைக் கேட்ட முகம் அது.

மாசியில் பெங்களூரிலிருந்து ஒருவர் வந்தார். பாபநாசத்தில் அப்பாவுக்குத் திதி கொடுக்க வந்தவர். பழைய ஆம்ப்ளிஃபயர்களைச் சேர்க்கிறவர் என்று பெருமாள்ராஜ் கூட்டிக்கொண்டு வந்தார். விற்பதற்கில்லை என்று குற்றாலலிங்கம் வாசலிலேயே சொல்லிவிட்டார். பார்க்கத்தான் வந்தேன் என்றார் அவர். பின்வலையைக் கழற்றி, செல்போன் வெளிச்சத்தை நான்கு வால்வுகளின் மேலும் ஓட்டினார். ஒவ்வொன்றையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"எழுத்தே இல்லையே. ஒரிஜினல்னா கண்ணாடி மேல கம்பெனி பேரு இருக்கும். ரிப்பேருக்கு எங்கயாவது விட்டீங்களா?"

குற்றாலலிங்கத்துக்கு நினைவிருந்தது. நான்கிலும் பொன்னிறத்தில் சின்ன எழுத்துகள் இருந்தன. எத்தனையோ வருடம் அவற்றைப் பார்த்திருக்கிறார். இப்போது வெறும் கண்ணாடி.

நகரங்களில் இப்படி நடப்பதுண்டு என்றார் வந்தவர். பழைய வால்வை எடுத்துவிட்டுப் புதிதாகச் சீனாவிலிருந்து வருவதைச் செருகிவிடுவார்கள். எடுத்த நான்கை விற்றாலே ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கலாம். யாரையும் குறை சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னேன். காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

காது ஒன்று சொன்னது. கண்ணும் அதையே சொன்னது. அதற்கு மேல் என்ன வேண்டும்? குற்றாலலிங்கம் கலைச்செல்வியிடம் எதுவும் சொல்லவில்லை. மனதில் ஒன்று விழுந்தால் அவர் வீட்டில் சொல்வதில்லை. மீரானின் பத்து நாட்களை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிரித்தார். கண்டன்சர் மாற்றுவதற்குப் பத்து நாள் ஆகுமா? போனில் பேசியபோது குரல் ஏன் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது? பெட்டியைத் திரும்ப எடுக்கப் போனபோது, வாசித்துப் பாரும் என்று ஏன் சொல்லவில்லை? இருபது வருடத்தையும் பின்னோக்கித் தடவினார். ஒருமுறை மீரான் அந்த வால்வுகளைக் கையில் ஏந்தி, இந்த மாதிரி இனிமேல் கிடைக்காது என்று சொன்னது நினைவுக்கு வந்தது. அன்று அது பாராட்டாகப் பட்டது.

நேரே கேட்டிருக்கலாம். கேட்டால் இல்லையென்பார், பிறகு ஒளித்துவிடுவார். பார்த்த பிறகு கேட்பதுதான் முறை என்று முடிவு செய்தார். மில்லில் நூல் திருடுகிறவனை அப்படித்தான் பிடிப்பார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் மேலப்பாளையத்தில் இறங்கினார். மீரான் ஜும்மாவுக்குப் போயிருப்பார் என்று தெரியும். அதற்காகவே அந்த நேரம். மீரானின் மனைவி கமர் நிஷா கடையில் இருந்தார். ஆளைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு, செம்பில் தண்ணீர் கொடுத்தார். அவர் வர இன்னும் அரைமணி ஆகும், அடுப்பில் சோறு இருக்கிறது, நீங்கள் இருங்கள், உங்களுக்குத் தெரியாத கடையா என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

குற்றாலலிங்கம் தண்ணீரைக் குடித்தார். எழுந்தார். வால்வுகள் எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரியும். மேல்தட்டில் பிஸ்கட் டப்பாக்கள். ஒவ்வொன்றாக இறக்கித் திறந்தார். ரேடியோவிலிருந்து எடுத்த சின்ன வால்வுகள், பழைய தியேட்டர் செட்டின் வால்வுகள், செய்தித்தாளில் சுற்றியவை. சுற்றியதைப் பிரித்து டார்ச் அடித்து எழுத்தைப் படித்தார். நான்காவது டப்பாவில் இருந்தபோது வாசலில் வெளிச்சம் மறைந்தது.

மீரான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். மேசையில் வரிசையாகத் திறந்து கிடந்த டப்பாக்களைப் பார்த்தார். பிறகு ஆளைப் பார்த்தார்.

"என்ன தேடுதீரு, லிங்கம்?"

"என் வால்வு நாலும் எங்க பாய்?"

"ஒம்ம பெட்டிக்குள்ள."

"அதுல எழுத்து இல்ல. சத்தமும் பழைய சத்தம் இல்ல. எனக்குக் காது இருக்குல்லா?"

"காது சரியாத்தான்வே இருக்கு" என்றார் மீரான்.

மேசைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். உள்ளே கட்டைவிரல் தடிமனில் ஐந்தாறு உருளைகள். ஒரு முனை வீங்கி, பிசின்போல ஏதோ வடிந்து காய்ந்திருந்தது. இதுதான் உம்முடைய பெட்டியிலிருந்து எடுத்தது, கேட்டால் காட்டுவதற்காக வைத்திருந்தேன் என்றார். பல வருடமாகக் காய்ந்து போன கண்டன்சர். தந்தியை அழுத்தித் தட்டும்போது வால்வு கரண்டு கேட்கும். இதனால் உடனே கொடுக்க முடியவில்லை. கொஞ்சம் தள்ளாடி, பிறகுதான் கொடுத்தது. அந்தத் தள்ளாட்டத்தைத்தான் நீர் இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்தீர். புதிதாகப் போட்டதும் சத்தம் நிமிர்ந்துவிட்டது. மாற்றாமல் விட்டிருந்தால் அடுத்த கோடையில் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்திருக்கும்.

"அது பழுதுவே. பழுதுதான் ஒமக்கு இனிச்சிருக்கு."

பொறுமையாகத்தான் சொன்னார். குற்றாலலிங்கத்துக்கு அந்தப் பொறுமையே சந்தேகமாக இருந்தது. விடை தயாராக வைத்திருந்தவன்தான் இவ்வளவு ஒழுங்காகப் பேசுவான்.

"கண்டன்சர மாத்துனா கண்ணாடியில எழுத்து அழியுமோ?"

"அழியாது. எங்கிட்ட வரும்போதே எழுத்து இல்ல. ஏன்னு நான் கேக்கல. கேட்டிருக்கணும்."

"நல்லாச் சொல்லுதீரு." குற்றாலலிங்கம் டார்ச்சை அணைத்தார். "இன்னும் எத்தன பேரு பெட்டியில இப்படிக் கை வச்சீரோ."

கமர் நிஷா கரண்டியோடு உள்வாசலில் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. மீரான் மனைவியைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு டப்பாவாக எடுத்து மூடினார். மூடி சரியாக உட்காராத ஒன்றை இரண்டு முறை தட்டினார்.

"தொழுதுட்டு வந்த வாயால நான் ஒண்ணும் சொல்லப்பிடாது. போயிட்டு வாரும்."

திரும்பும் பஸ்ஸில் குற்றாலலிங்கத்துக்கு ஒரு நிறைவு இருந்தது. மீரான் கோபப்படவில்லை. நிரபராதி என்றால் கோபம் வந்திருக்கும். சேரன்மகாதேவி தாண்டுவதற்குள் பெருமாள்ராஜுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நம் மிக்ஸரும் அவரிடம்தான் போகிறது, பார்த்துக்கொள்ளும் என்று முடித்தார்.

பெருமாள்ராஜ் பார்த்துக்கொண்டார். அம்பாசமுத்திரத்தில் மைக் செட் வைத்திருப்பவரிடம் சொன்னார். அவர் வீரவநல்லூர்க் குழுவிடம் சொன்னார். இரண்டு வாரத்தில் மூன்று குழுக்கள் தங்கள் மிக்ஸர்களைப் பாளையங்கோட்டைக்கு மாற்றிக்கொண்டன.

கலைச்செல்விக்கு அது பால் வாங்கும் இடத்தில் தெரிந்தது. பெருமாள்ராஜின் மனைவி சொல்லியிருக்கிறாள். மாலையில் ஷிஃப்ட் முடிந்து வந்தவரிடம், மீரான் பாய் வால்வை எடுத்துவிட்டாராமே என்று கேட்டாள். ஆமாம் என்றார். எழுத்து இல்லாததையும் பெங்களூர்க்காரர் சொன்னதையும் முதல்முறையாக வீட்டில் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே தன் செல்போனை எடுத்தாள். எதையோ தேடினாள்.

புரட்டாசியில் எடுத்த படம் அது. ஆயுத பூஜை. தையல் மெஷின், அரிவாள்மனை, பைக், அவருடைய ஸ்பேனர்கள், நடுவில் பின்வலை கழற்றிய பெட்டி. நான்கு வால்வுகளின் உச்சியிலும் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம். நன்றாக வந்திருக்கிறது என்று அன்று ஸ்டேட்டஸில் வைத்திருந்தாள். இரண்டு விரலால் பெரிதாக்கினாள். சந்தனத்துக்குக் கீழே கண்ணாடி வெறுமையாக இருந்தது. பெட்டி மேலப்பாளையத்துக்குப் போனது மார்கழியில்.

அவர் படத்தை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மண்ணெண்ணெயில பஞ்ச முக்கித் தேச்சது நீங்கதான" என்றாள் கலைச்செல்வி. "பஞ்செல்லாம் பொன்னா ஒட்டியிருந்துச்சு. நான்தான் அள்ளிக் குப்பையில போட்டேன். நீங்க பாக்கலியா?"

மில்லில் ஆயுத பூஜைக்கு முதல்நாள் அப்படித்தான். கழிவுப் பஞ்சை மண்ணெண்ணெயில் நனைத்து, கதிர் கதிராக, திருகாணி திருகாணியாக, இரும்பு மின்னும்வரை தேய்ப்பார்கள். தேய்க்காத ஆயுதத்துக்குப் பொட்டு வைக்கக் கூடாது. முப்பத்திரண்டு வருடக் கைப்பழக்கம். வீட்டில் அதுவரை பெட்டிக்கு வெளிப்புறம் மட்டும்தான் பொட்டு. அன்றுதான் உள்ளேயும் வைக்கலாம் என்று தோன்றியது. பழைய வால்வின் எழுத்து விரல் பட்டாலே போகக்கூடியது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

அன்று அவர் சாப்பிடவில்லை. பெருமாள்ராஜுக்குப் போன் செய்து, தப்பு என்னுடையது, பாய் எடுக்கவில்லை என்றார். அப்படியா அண்ணாச்சி, சொல்லிவிடுகிறேன் என்றார் பெருமாள்ராஜ். மைக் செட்காரருக்கும் வீரவநல்லூர்க்காரர்களுக்கும் குற்றாலலிங்கமே பேசினார். எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். பாளையங்கோட்டைக்குப் போன மிக்ஸர் எதுவும் திரும்பி வந்ததாகத் தெரியவில்லை. அங்கே வேலை கொஞ்சம் சீக்கிரமாக முடிகிறது என்று ஒருவர் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மேலப்பாளையம் போனார். பெட்டியைக் கொண்டுபோகவில்லை. கலைச்செல்வியின் போனை மட்டும் வாங்கிக்கொண்டு போனார். மீரான் ஓர் இன்வெர்ட்டர் போர்டில் ஈயம் வைத்துக்கொண்டிருந்தார். படத்தை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பெரிதாக்கியும் பார்த்தார். சந்தனம் சூட்டில் கருகி நாறியிருக்குமே என்று கேட்டார். ஆமாம், முதல் கச்சேரியில் புகை வந்தது என்றார் குற்றாலலிங்கம். இருவரும் கொஞ்சம் சிரித்தார்கள். கமர் நிஷா டீ கொண்டுவந்து வைத்தார். உடனே உள்ளே போய்விட்டார்.

குற்றாலலிங்கம் மன்னிப்புக் கேட்டார். எல்லோருக்கும் போன் செய்து சொல்லிவிட்டேன் என்றும் சொன்னார்.

"அத விடும்" என்றார் மீரான். "எனக்கு ஒம்ம மேல வருத்தம்லாம் இல்ல. ஆனா இனி அந்தப் பெட்டிய நான் தொறக்க மாட்டேன்."

குற்றாலலிங்கம் டீயைக் கீழே வைத்தார்.

"உள்ள ஐந்நூறு வோல்ட் ஓடுது. சுவிட்ச அணைச்ச பெறவும் கண்டன்சர்ல நிக்கும். ஒரு கைய முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டு ஒத்தக் கையாலதான் வேல பாப்பேன். மனசுல ஒண்ணும் இருக்கப்பிடாது. இனி ஒம்ம பெட்டியில கை வச்சா நீரு என்ன நெனைப்பீருன்னுதான் எனக்கு ஓடும். கை நடுங்கும்வே. எனக்குப் புள்ளையள் இருக்கு."

அவர் குரலில் கோபம் இல்லை. இந்தமுறை குற்றாலலிங்கம் அதில் எதையும் தேடவில்லை. வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். மதுரையில் ஒருவர் இருந்தார், இப்போது கண் தெரியவில்லை என்று கேள்வி என்றார் மீரான். வால்வுகள் நல்ல நிலையில் இருக்கின்றன, பார்த்துப் பயன்படுத்தினால் சில வருடம் வரும். குமிழை ரொம்பத் திருப்ப வேண்டாம். சத்தத்தை ஏற்றி ஏற்றி வாசித்தால் வால்வு சீக்கிரம் தேயும். அவ்வளவும் சொல்லிவிட்டு ஈயக்கம்பியை எடுத்துக்கொண்டார்.

சித்திரையில் கடையத்துக்குப் பக்கத்தில் ஒரு கொடை. நான்கு மணிக்கு மேடையில் சத்தம் பார்த்தார்கள். பந்தலில் ஆள் இல்லை. சமையல்காரர்கள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்கள். குற்றாலலிங்கம் சுவிட்சைப் போட்டு, வால்வுகள் சிவக்கும்வரை நின்றார். புதுச் சத்தம் அவருக்குக் கொஞ்சம் பழகியிருந்தது. ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து மூன்று. அடியில் மிக மெல்லிய ஒரு பொரிச்சல் கேட்டது, எண்ணெயில் ஒரு கடுகு விழுந்ததுபோல. பெருமாள்ராஜுக்குக் கேட்கவில்லை. டிரம்ஸ்காரருக்குக் கேட்கவில்லை. வால்வா, அது உட்காரும் குழியா, ஒயரா? ஒருவேளை வெறும் தூசியாக இருக்கலாம்.

பெருமாள்ராஜ் கீபோர்டுக்குப் பின்னாலிருந்து கையை மேலே காட்டினார். இன்னும் ஏற்றுங்கள் அண்ணாச்சி, பேஸ் கேட்கவில்லை.

குற்றாலலிங்கத்தின் விரல் குமிழின் மேல் இருந்தது. ஆறுக்குத் திருப்பினால்தான் அந்தப் பெட்டி வாயைத் திறக்கும். போதும் என்று தலையசைத்து, மூன்றில் விட்டுவிட்டு, தந்தியை மெல்லத் தட்டினார்.